முள், பால், கசப்பு... பாலைவனம் போட்டிருக்கும் மூன்று பூட்டுகள்!

லீவு என்றாலே நம் வீடுகளில் ஒரே பட்டியல்தான். ஊட்டி, கொடைக்கானல், கொஞ்சம் வசதிப்பட்டால் மூணாறு, சிம்லா... 'குளுகுளுன்னு இருக்கணும்' என்பதுதான் முதல் நிபந்தனை! பாலைவனத்துக்குக் குடும்பத்தோடு டூர் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். 'அங்கே மணலையும் ஒட்டகத்தையும் விட்டா வேற என்ன இருக்கு?' என்று கேட்பார்கள்.

இருக்கிறது. கண்ணைத் திறந்து பார்த்தால் ஏராளமாக இருக்கிறது. ராஜஸ்தானின் தார் பாலைவனம் மரமும் செடியும் இல்லாத வெறும் மணல் அல்ல. வருஷத்துக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் மழையை வைத்துக்கொண்டு அங்கே மரம் நிற்கிறது, புதர் பூக்கிறது, புல் முளைக்கிறது. சென்னையில் பெய்வது சுமார் 140 சென்டிமீட்டர் என்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

இவ்வளவு குறைந்த தண்ணீரில் அவை எப்படிப் பிழைக்கின்றன? அந்த ரகசியம் தெரிந்தால் பிள்ளைகளுக்கு அது ஒரு அருமையான பாடம். பெற்றோருக்கு இன்னொரு விஷயமும் புரியும். எந்தச் செடியை ரசிக்கலாம், எதைச் சாப்பிடலாம், எதன் கிட்டேயே போகக்கூடாது என்பது!

அரைப்பரீட்சை லீவில் நாங்கள் ஐந்து பேர் கிளம்பினோம். நான், என் கணவர், ஒன்பதாவது படிக்கும் மகள், ஐந்தாவது படிக்கும் மகன், 68 வயதான என் மாமியார். ஜோத்பூரில் இரண்டு நாள், ஜெய்சல்மரில் மூன்று நாள். அங்கே பார்த்ததையும் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன்.

கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம்

ஜோத்பூர் போகிறவர்கள் 1459-ல் கட்டத் தொடங்கிய மெஹ்ரான்கர் கோட்டையைப் பார்க்காமல் வரமாட்டார்கள். ஆனால் அதை ஒட்டியே இருக்கும் 'ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா'வைப் பலர் தவற விட்டுவிடுகிறார்கள். சுமார் 70 ஹெக்டேர் பரப்பு. 70 கோடி வருஷத்துக்கும் முந்தைய எரிமலைப் பாறைகளின் மேல், அந்த மண்ணுக்கே உரிய செடிகளை மட்டும் வளர்த்து வைத்திருக்கிறார்கள்.

இந்த இடம் முன்பு எப்படி இருந்தது தெரியுமா? முழுக்க முழுக்கச் சீமைக் கருவேலம்! ஆமாம், நம் ராமநாதபுரத்துக்காரர்களை விரட்டி விரட்டிக் குத்துகிற அதே முள் மரம்தான். 1930-களில் விமானத்திலிருந்து விதை தூவினார்கள் என்று அந்த ஊரில் சொல்கிறார்கள். அது முளைத்து, பரவி, உள்ளூர்ச் செடிகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டது.

2006-ல் அதை அகற்றும் வேலை ஆரம்பித்தது. மேலே வெட்டினால் மறுபடி துளிர்த்துவிடும் என்பதுதான் நமக்கே தெரியுமே! பாறைக்குள் இறங்கிய வேரை எப்படி எடுப்பது? பரம்பரையாகக் கல் உடைக்கும் 'கண்ட்வாலியா' தொழிலாளிகளைக் கூப்பிட்டார்கள். அவர்கள் உளியையும் சுத்தியலையும் வைத்து, பாறையைச் செதுக்கி வேரோடு எடுத்தார்கள். அந்தக் குழிகளிலேயே உள்ளூர்ச் செடிகளை நட்டார்கள். 2011-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

எங்களோடு வந்த வழிகாட்டி ஓர் உள்ளூர் இளைஞர். ஆரம்பத்திலேயே பிள்ளைகளை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "இந்தப் பாறையிலே தண்ணி வச்சிருக்கிற ஒரே ஆள் நீங்கதான்னு வச்சுக்குங்க. சுத்தி ஆடு, மாடு, ஒட்டகம், எலி, பூச்சி எல்லாத்துக்கும் தாகம். உங்க தண்ணியை எப்படிக் காப்பாத்துவீங்க?"

"பூட்டி வச்சுடுவேன்" என்றான் மகன்.

"அதேதான்! இங்கே இருக்கிற செடியெல்லாம் பூட்டிதான் வச்சிருக்கு. மூணு பூட்டு. ஒண்ணு முள்ளு. ரெண்டாவது பாலு. மூணாவது கசப்பு."

அன்றிலிருந்து எந்தச் செடியைப் பார்த்தாலும் 'இது எந்தப் பூட்டு?' என்பதுதான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் விளையாட்டு!

இது கள்ளியா... காக்டஸா?

பூங்காவில் ஆள் உயரத்துக்கு மேல், விளக்குத் தண்டுகளை நெருக்கமாக நிறுத்தி வைத்தது போல் ஒரு செடி. இலையே இல்லை. பச்சைத் தண்டு முழுக்க முள். "ஹை, காக்டஸ்!" என்று கத்தினாள் மகள்.

"இல்லை" என்றார் வழிகாட்டி. அதன் பெயர் 'தோர்'. நம் சதுரக்கள்ளிக்கு நெருங்கிய சொந்தம். மழைக்காலத்தில் கொஞ்ச நாள் சின்னச் சின்ன இலை விடும், அப்புறம் உதிர்த்துவிடும். இலை இருந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகுமே!

உண்மையான காக்டஸ் இனங்கள் கிட்டத்தட்ட எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. ஒரே ஓர் இனம்தான் விதிவிலக்கு. அது மரத்தில் தொற்றித் தொங்குகிற வகை. ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாகவே காணப்படுகிறது. தார் பாலைவனத்துக்கென்று சொந்தக் காக்டஸ் கிடையவே கிடையாது!

தமிழில் நாம் எல்லாவற்றையும் 'கள்ளி' என்றே சொல்லிவிடுகிறோம். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி எல்லாம் ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்கு உடம்பெல்லாம் பால். சப்பாத்திக்கள்ளி மட்டும் உண்மையான காக்டஸ். அது இங்கே கப்பலில் வந்து இறங்கிய வெளிநாட்டு விருந்தாளி.

அது வந்த கதையும் சுவாரஸ்யம்தான். சப்பாத்திக்கள்ளியில் வளரும் ஒரு பூச்சியிலிருந்து விலை உயர்ந்த சிவப்புச் சாயம் எடுப்பார்கள். 18-ம் நூற்றாண்டின் கடைசியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நம் சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்கு வந்த பூச்சியோ வேறு இனம். நல்ல சாயம் தரவில்லை. பதிலாக ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது! பிற்பாடு கள்ளி பெருகித் தொல்லையானபோது, அதே மாதிரிப் பூச்சிகளை விட்டே அதை ஒழித்தார்கள்.

சரி, கள்ளியையும் காக்டஸையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ரொம்ப சுலபம்.

முள் முளைக்கும் இடத்தைத் தொடாமல் உற்றுப் பாருங்கள். காக்டஸ் என்றால் அங்கே பஞ்சு வைத்தது போல் ஒரு சின்னத் திண்டு இருக்கும். அதிலிருந்து முட்கள் கொத்தாக வரும். கள்ளி என்றால் திண்டு இருக்காது, முட்கள் பெரும்பாலும் ஜோடி ஜோடியாக இருக்கும். இன்னொரு வித்தியாசம், தண்டில் காயம் பட்டால் கள்ளியில் வெள்ளைப் பால் வடியும். காக்டஸில் பெரும்பாலும் நீர் மாதிரி அல்லது வழவழப்பாக இருக்கும். ஆனால் இதைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஒடிக்க வேண்டாம். காரணம் அடுத்த பகுதியில்...

ஊர் வேறாக இருந்தாலும், குடும்பம் வேறாக இருந்தாலும், இரண்டும் ஒரே மாதிரி உருவம் எடுத்தது எப்படி? பாலைவனம் கொடுத்த பரீட்சை ஒன்றுதான், விடையும் ஒன்றாகிவிட்டது. இலையை விடு, தண்டைப் பருமனாக்கு, அதில் தண்ணீரைச் சேர்த்துவை. இன்னொரு தந்திரமும் உண்டு. நாம் பார்க்கும் சாதாரணச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை வாங்குகின்றன. அப்போது தண்ணீரும் ஆவியாகப் போய்விடும். காக்டஸும் பல கள்ளிகளும் பகலில் துளைகளை மூடிவிட்டு, இரவின் குளிர்ச்சியில்தான் திறக்கின்றன. வாங்கிய வாயுவைச் சேர்த்துவைத்துப் பகலில் சமைக்கின்றன. "அப்ப இதுங்களுக்கு நைட் ஷிஃப்ட்டும் உண்டு, டே ஷிஃப்ட்டும் உண்டு!" என்றாள் மகள்.

பால்... ஜாக்கிரதை!

பூங்காவை விட்டு வெளியே வந்ததும் சாலையோரத்தில் எருக்கஞ்செடிகள். அங்கே 'ஆக்' என்கிறார்கள். காய் வெடித்துப் பட்டு மாதிரி பஞ்சு பறந்துகொண்டிருந்தது. மகன் ஓடிப்போய் ஒரு கிளையை ஒடிக்கக் கை நீட்டினான். வழிகாட்டி சட்டென்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் மாமா வேலிக்காகத் தோர் வெட்டினார். ஒரு துளிதான் கண்ணிலே தெறிச்சது. ராத்திரி பூரா தூங்கலை. ஒரு வாரம் கண்ணைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார்" என்றார்.

இது மிகையில்லை. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் முதலில் எரிச்சல், கண்ணீர். கழுவிவிட்டோம், சரியாகிவிட்டது என்று நினைப்போம். ஆனால் சில மணி நேரம் கழித்து வலி அதிகமாகும், வெளிச்சத்தைப் பார்க்க முடியாது, பார்வை மங்கும். கருவிழியின் மேல்தோல் உரிந்து போவதுதான் காரணம். உடனே வைத்தியம் பார்த்தால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் குணமாகிவிடும். தாமதித்தால் கருவிழியில் கிருமி தாக்கி, பார்வைக்கே ஆபத்து வரலாம்.

எருக்கம்பால் இன்னும் மோசமான ஏமாற்றுக்காரன். அது கண்ணில் பட்டால் வலியே இல்லாமல் போகலாம்! புகை மூட்டம் போல் பார்வை மங்குவதுதான் அறிகுறி. கருவிழியின் உள்புற அடுக்கைத் தாக்கி அதை வீங்க வைக்கிறது. 'வலிக்கலையே' என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

ராஜஸ்தான் போகாதவர்களுக்கும் இது அவசியமான விஷயம். பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை கட்டுகிறோம். ரத சப்தமிக்கு எருக்கிலையைத் தலையில் வைத்துக் குளிக்கிறோம். இலை பறித்த கையோடு கண்ணைக் கசக்குவது எவ்வளவு சுலபம்!

கண்ணில் பால் தெறித்தால் என்ன செய்ய வேண்டும்?

• ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். பாட்டில் தண்ணீர் போதும். பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்கும்படி தலையைச் சாய்த்து, இமையை விரலால் விரித்துப் பிடித்துத் தொடர்ந்து 15 முதல் 20 நிமிஷம் ஊற்ற வேண்டும். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

• கண்ணைத் தேய்க்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், வீட்டில் மிச்சம் இருக்கும் பழைய சொட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

• வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே கண் டாக்டரிடம் காட்டுங்கள். எந்தச் செடி என்று சொல்ல, அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போவது நல்லது.

• செடியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் முகத்தில் வைக்கக் கூடாது. மருவுக்கும் பல்வலிக்கும் கள்ளிப்பால் தடவும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள்.

பாட்டி கண்டுபிடித்த சொந்தக்காரர்

மறுநாள் ஜோத்பூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள கேஜ்ரிலி கிராமத்துக்குப் போனோம். வழியெல்லாம் வயல் நடுவே ஒரு மரம். பெயர் 'கேஜ்ரி'. ராஜஸ்தானின் மாநில மரம். என் மாமியார் காரிலிருந்து இறங்கி அதன் இலையை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது நம்ம வன்னி மரமாச்சே! விருத்தாசலம் கோயில்ல சுத்தி வந்திருக்கேனே!" என்றார்.

அதேதான்! விஜயதசமிக்குப் பூஜை செய்கிறோமே, பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளித்து வைத்ததாகச் சொல்கிறோமே, அதே வன்னி. நமக்குக் கோயில் மரம். அவர்களுக்கு உயிர் மரம். வேர் வெகு ஆழத்துக்குப் போய் நீரை எடுக்கும். எல்லாச் செடியும் வாடுகிற கோடையில்தான் இது புதுத் தழை விடும். இலை ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தீனி, நெற்று மனிதருக்குக் கறி. அதன் அடியில் கம்பு விதைத்தால் நன்றாகவே விளைகிறது என்பதால் உழவர்கள் வயல் நடுவிலும் அதை வெட்டுவதில்லை.

1730-ல் இந்த மரங்களைச் சுண்ணாம்புக் காளவாய்க்கு விறகாக வெட்ட ஜோத்பூர் மன்னரின் ஆட்கள் இந்தக் கிராமத்துக்கு வந்தார்கள். பிஷ்னோய் சமூகத்தைச் சேர்ந்த அம்ரிதா தேவி என்ற பெண்மணி மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவரை வெட்டினார்கள். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக வந்து மரத்தைக் கட்டிக்கொண்டார்கள். மொத்தம் 363 பேர் உயிர் கொடுத்தார்கள் என்கிறது வரலாறு. அந்த இடத்தில் என் பிள்ளைகள் இரண்டு பேரும் வெகு நேரம் பேசவேயில்லை.

கேஜ்ரியின் இளம் நெற்றுதான் 'சாங்ரி'. கோடையில் பறித்துக் காயவைத்து வருஷம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள். 'கேர்' என்ற இலையில்லாப் புதரின் சின்ன உருண்டைக் காயோடு சேர்த்துச் செய்யும் 'கேர் சாங்ரி' அந்த ஊர் விருந்தின் அரசன். பச்சைக் கேர் காய் சாப்பிடவே முடியாது, அவ்வளவு கசப்பும் காரமும்! உப்புத் தண்ணீரிலோ மோரிலோ சில நாள் ஊறவைத்துத்தான் அந்தக் கசப்புப் பூட்டைத் திறக்கிறார்கள்.

காய்ந்த கேர் சாங்ரி பாக்கெட்டுகள் கடையில் கிடைக்கின்றன. வாங்கி வந்தால் இப்படிச் செய்யலாம். இரண்டு மூன்று தடவை நன்றாகக் கழுவி மண் போக்கி, ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். தண்ணீரை மாற்றி வேகவைத்து வடிகட்டுங்கள். எண்ணெயில் சீரகம், பெருங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, மஞ்சள்தூள், தனியாத்தூள், மாங்காய்ப்பொடி சேர்த்து வதக்கி, கடைசியில் கொஞ்சம் உலர்ந்த திராட்சை போட்டு இறக்குங்கள். நார்ச்சத்தும் புரதமும் உள்ள கறி. கம்பு ரொட்டியும் மோரும் பக்கத்தில் இருந்தால் சொல்லவே வேண்டாம்! ஹோட்டலில் எண்ணெயும் உப்பும் தாராளமாக இருக்கும். பி.பி. உள்ளவர்கள் அளவாகச் சாப்பிடுங்கள்.

மணலில் ஒரு குட்டித் தர்பூசணி

ஜெய்சல்மரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் சாம் மணல்மேடுகள். மணலில் 'போக்' என்ற புதரும், 'சேவண்' என்ற புல்லும் வேர்களால் மணலை இறுக்கிப் பிடித்திருந்தன. காற்று அடித்தால் மேடே நகர்ந்துவிடும் இடத்தில் இவைதான் ஆணி அடித்து நிறுத்துகின்றன.

அங்கே கொடியில் டென்னிஸ் பந்து அளவுக்குக் கோடு போட்ட காய்கள் கிடந்தன. பார்க்க அசல் குட்டித் தர்பூசணி! 'தும்பா' என்றார்கள். நம்மூர்ப் பேய்க்குமட்டிதான் அது. ஆற்றுத்தும்மட்டி என்றும் சொல்வோம். மூன்றாவது பூட்டான கசப்பின் உச்சம். கொஞ்சம் தின்றாலே கடுமையான வயிற்றுவலி, ரத்தம் கலந்த பேதி வரலாம். பேதியானால் உடம்பின் தண்ணீரும் போய்விடும், அதுவும் பாலைவனத்தில்!

'கசப்பு சர்க்கரை நோய்க்கு நல்லது' என்று யாராவது இதை வாங்கிக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். வீட்டிலும் இந்தப் பாடம் உதவும். சுரைக்காய், வெள்ளரிக்காய் வழக்கத்துக்கு மாறாகக் கசந்தால் தூக்கி எறியுங்கள். பேய்க்குமட்டியில் இருக்கும் அதே வகை நச்சுதான் அதிலும். கசந்த சுரைக்காய் ஜூஸ் குடித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் உண்டு, உயிரிழந்தவர்களும் உண்டு. பாகற்காயின் இயல்பான கசப்பு வேறு.

பூட்டே இல்லாத உடம்பு

செடிகளுக்கு மூன்று பூட்டு. நமக்கு?

மறுநாள் காலை, ஜெய்சல்மரிலிருந்து 17 கிலோமீட்டரில் உள்ள அகல் மரப் படிவப் பூங்காவுக்குப் போனோம். சுமார் 18 கோடி வருஷத்துக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இந்தப் பாலைவனம் ஒரு காலத்தில் காடாக இருந்ததற்குச் சாட்சி! டிசம்பர் வெயில், இதமான காற்று, யாருக்கும் வியர்க்கவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்திருந்த மாமியார் எழுந்தவர், "கண்ணு இருட்டுதும்மா" என்று அப்படியே சரிந்தார். என் கணவர் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

நிழலில் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தினோம். தெளிந்து எழுந்ததும் பையில் இருந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். ஜெய்சல்மரில் டாக்டர் பரிசோதித்தார். படுத்திருக்கும்போது சுமாராக இருந்த ரத்த அழுத்தம், எழுந்து நின்றதும் இறங்கிப்போனது. நாக்கு உலர்ந்திருந்தது. "காலையிலிருந்து எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்றார். மாமியார் பதில் சொல்லவில்லை. பேத்திதான் மெதுவாகக் கேட்டாள். "பாட்டி, அரை டம்ளர் காபி மட்டும்தானே குடிச்சே?"

"தண்ணி குடிச்சா பாத்ரூம் வருமே... வழியிலே எங்கேன்னு போறது? உங்களையெல்லாம் எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னுதான்..." என்றார் மாமியார்.

மூன்று நாளாக இப்படித்தான் தாகத்தை அடக்கியிருக்கிறார்! போதாததற்கு அவருடைய பி.பி. மாத்திரையில் சிறுநீரை வெளியேற்றும் மருந்தும் சேர்ந்திருந்தது. நம் வீட்டுப் பாட்டிகளும் அம்மாக்களும் பயணத்தில் எத்தனை பேர் இதையே செய்கிறார்கள், யோசித்துப் பாருங்கள்.

டாக்டர் விளக்கிய விஷயம் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒன்றேகால் லிட்டர் குறைந்தாலே தலைவலி, சோர்வு, எரிச்சல் ஆரம்பித்துவிடும். சென்னையில் வியர்த்தால் சட்டை நனைகிறது, தெரிகிறது. பாலைவனத்தின் வறண்ட காற்றிலோ வியர்வை வந்த வேகத்தில் உலர்ந்துவிடும். தோல் வறண்டே இருக்கும். 'வியர்க்கவே இல்லையே' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் போய்க்கொண்டிருக்கும். குளிர்காலத்தில் தாகமும் எடுக்காது. வயதானவர்களுக்குத் தாக உணர்வே குறைந்துவிடும். குழந்தைகளுக்கோ விளையாட்டில் ஞாபகம் இருக்காது.

காக்டஸ் மாதிரி சேர்த்து வைத்துக்கொள்ள நமக்குத் தண்டு கிடையாது. காலையில் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் அது சிறுநீராகத்தான் போகும். கொஞ்சம் கொஞ்சமாக, நாள் முழுக்கக் குடிப்பது ஒன்றுதான் வழி.

சினிமாவில் பார்த்துவிட்டு 'காக்டஸை வெட்டித் தண்ணி குடிக்கலாமே' என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது! பெரும்பாலான காக்டஸ் சாறு குடித்தால் வாந்தி, பேதி வந்து இருக்கிற தண்ணீரும் போகும். கள்ளி என்றால் கேட்கவே வேண்டாம்.

பாலைவன டூர்... கையேடு

எப்போது போகலாம்? நவம்பர் முதல் பிப்ரவரி வரை. பகல் இதமாக இருந்தாலும் இரவில் நன்றாகக் குளிரும். ஸ்வெட்டர் அவசியம்.

தண்ணீர்: ஆளுக்கு ஒரு பாட்டில், பெயர் எழுதி. அரை மணிக்கு ஒரு தடவை சில மடக்கு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர் மஞ்சளானால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். இதயம், சிறுநீரகக் கோளாறுக்காகத் தண்ணீர் அளவு குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் கிளம்பும் முன்பே தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பி.பி. மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

பாத்ரூம்: கூச்சப்படாமல் முதலிலேயே டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை பெட்ரோல் பங்க் அல்லது ஹோட்டலில் நிறுத்தச் சொல்லுங்கள். பெரியவர்களிடம் 'வேணுமா?' என்று கேட்காதீர்கள், 'வாங்க, போயிட்டு வந்துடலாம்' என்று கூடவே கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓ.ஆர்.எஸ்.: நாலைந்து பாக்கெட் பையில் இருக்கட்டும். கிடைக்காவிட்டால் 1 லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூனைத் தலைதட்டி அளக்க வேண்டும்.

முள் குத்தினால்: காலுக்கு மூடிய ஷூ போடுங்கள். பெரிய முள்ளைச் சுத்தமான இடுக்கியால் குத்திய திசையிலேயே இழுத்து எடுத்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். சப்பாத்திக்கள்ளியின் ரோம முள் ஏறினால் தேய்க்காதீர்கள், இன்னும் உள்ளே போகும். கொத்தாக இருப்பதை இடுக்கியால் எடுத்துவிட்டு, மீதிக்குக் காகிதம் ஒட்டும் வெள்ளைப் பசையை மெல்லிசாகத் தடவி, மேலே மெல்லிய துணியை வைத்துக் காயவிட்டு உரித்தால் பசையோடு வந்துவிடும். மூட்டுக்குப் பக்கத்தில் முள் உடைந்து தங்கினாலோ, வீங்கினாலோ டாக்டரிடம் போங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள்.

வீட்டுத் தொட்டி: டூர் முடிந்து வந்தால் பிள்ளைகள் காக்டஸ் வாங்கச் சொல்வார்கள். தாராளமாக வாங்குங்கள். வெயில் படும் இடம், வடிகால் உள்ள மணல் கலந்த மண், மண் நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர், இவ்வளவுதான். காக்டஸ் சாவதெல்லாம் பெரும்பாலும் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றுவதால்தான். ஆனால் நர்சரியில் 'காக்டஸ்' என்று விற்பதில் பாதி, கள்ளி இனமாக இருக்கும். சிவப்புப் பூ பூக்கும் முள் கிரீடச் செடி, பென்சில் மாதிரிக் குச்சி குச்சியாக இருக்கும் திருகுகள்ளி இரண்டும் பால் வடிப்பவை. பால்கனிக்குப் பால்கனி இருக்கும் அடீனியத்தின் சாறு இதயத்தைப் பாதிக்கும் விஷம். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் இவற்றை எட்டாத உயரத்தில் வையுங்கள். கிளை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

விதவிதமான காக்டஸை ஒரே இடத்தில் பார்க்க ஆசையா? சண்டிகருக்குப் பக்கத்தில் பஞ்ச்குலாவில் 7 ஏக்கரில் காக்டஸுக்கென்றே ஒரு பெரிய தோட்டம் இருக்கிறது. அடுத்த லீவுக்குக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பையில் துணிமணிக்கு முன்னால் தண்ணீர் பாட்டிலை எடுத்து வையுங்கள்!